காலையில் ஒரு சென்டிமீட்டர்

தையல்காரம்மாவின் கடை ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. வாசல் தாழ்வு. வருகிறவர்கள் தலையை இடித்துக்கொள்ளாமல் இருக்க, நிலையின் மேல்கட்டையில் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு துணிப்பட்டையை ஆணியடித்து வைத்திருக்கிறார். உள்ளே இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டு மேசை, ஆளுயரக் கண்ணாடி, காக்கியும் வெள்ளையும் நீலமுமாக அடுக்கிய துணிகள். அவர் தைப்பது எல்லாமே சீருடைதான். காவலாளி, நர்ஸ், பஸ் டிரைவர், லிப்ட் ஆப்பரேட்டர், தீயணைப்பு வீரர் என்று ஊரில் சீருடை போட்டு வேலை பார்க்கிற பாதிப் பேரின் இடுப்பளவு அவருடைய அளவு நோட்டில் இருக்கிறது.

அவருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் 'ரெண்டு தடவை'. எதையும் ஒருமுறை மட்டும் அளந்து அவர் எழுதியதில்லை. அளப்பார், டேப்பை எடுத்துவிடுவார், மறுபடி புதிதாக வைத்து அளப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் பென்சில் நோட்டைத் தொடும். துணி டேப் நாளாக நாளாக இழுபட்டு நீளும் என்பதால் மாதம் ஒருமுறை அதை இரும்பு ஸ்கேலோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார். நூலளவு பிசகினாலும் டேப் குப்பைக்குப் போய்விடும். "நம்ம கண்ணு நமக்கு வேண்டியதத்தான் பார்க்கும். டேப்புக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க கிடையாது" என்பார்.

இவரிடம் போய்க் கதை விட முடியுமா? ஒரு பஸ் கண்டக்டர், வயிற்றைக் குறைக்கும் பெல்ட் ஒன்றை மூன்று மாதம் கட்டிக்கொண்டு திரிந்தார். நாலு இஞ்ச் குறைந்துவிட்டது, பேண்ட்டைப் பிடித்துக் கொடுங்கள் என்று வந்து நின்றார். டேப் இடுப்பைச் சுற்றியதும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார். தையல்காரம்மா அவசரப்படவில்லை. டேப்பைப் பிடித்தபடியே மகனுடைய பரீட்சை எப்படி, மனைவியின் முழங்கால்வலி தேவலையா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல அவர் மூச்சை விட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

"முப்பத்தெட்டு சார். போன வருஷமும் முப்பத்தெட்டு. பெல்ட்டுதான் இளைச்சிருக்கு" என்றார் தையல்காரம்மா.

இன்னொரு தடவை ஒரு காவலாளி, தோள்வலிக்கு என்று காந்த வளையம் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். ரத்தத்தை இழுத்துச் சுத்தம் செய்யுமாம். தையல்காரம்மா அதை ஒரு நிமிஷம் வாங்கி, மேசைக்கடியில் சிதறிக் கிடந்த குண்டூசிகளையெல்லாம் பொறுக்கி டப்பாவில் போட்டுவிட்டு, ரொம்ப நல்ல சாமான் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். யாரையும் முகம் சுண்டும்படி பேச மாட்டார். வந்தவர் சிரித்துக்கொண்டே போக வேண்டும், வீடு போய்ச் சேர்வதற்குள் யோசிக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் எதிர்பார்ப்பு.

அவரே ஒருமுறை ஏமாந்தார். அது மகள் விஷயத்தில் நடந்தது.

அவருக்கு ஒரே மகள். கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம் என்பதால், நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அம்மாவும் மகளும்தான். மகளுக்குப் பதினெட்டு வயது. ஆனாலும் கடைவாசலில் குனியாமல் நுழைந்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் அவளை 'அரை டிக்கெட்' என்று கூப்பிட்டார்கள். பத்து வயதில், பொத்தான் மாற்ற வந்திருந்த ஒரு தீயணைப்பு வீரரின் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே அது தொங்க, கண்ணாடி முன்னால் நின்று சல்யூட் அடித்தாள். அன்றைக்குப் பிடித்த ஆசை பிறகு விடவேயில்லை. தீயணைப்புப் படைக்கான எழுத்துப் பரீட்சையில் முதல் முறையே தேறினாள். ஓடுவதிலும் கயிறு ஏறுவதிலும் அவளை மிஞ்ச ஆளில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். பத்து வாரம் கழித்து உயரம் பார்ப்பார்கள். 155 சென்டிமீட்டர் வேண்டும். அவளுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை சென்டிமீட்டர் போதவில்லை.

ஒன்றரை சென்டிமீட்டர் என்பது தையல்காரம்மாவுக்கு ஒரு உள்மடிப்பு. மகள் துணியாக இருந்திருந்தால் மடிப்பைப் பிரித்து விட்டிருப்பார்.

அந்தச் சமயம் பார்த்து, உயரத்தைக் கூட்டித் தருகிறேன் என்று ஒரு உயர வைத்தியர் ஊருக்கு வந்து சேர்ந்தார். சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் ஒரு அறை. சுவரில் பளபளவென்று ஒரு அலுமினிய அளவுகோல். பக்கத்தில், முன்பு குட்டையாக இருந்தவர்கள் பின்பு நெட்டையாக நிற்கும் படங்கள். மருந்து என்பது பழுப்பு நிறத்தில் ஒரு பொடி, பாலில் கலந்து இரண்டு வேளை. புது ஆட்களை அவர் மாலை ஆறு மணிக்கு மேல்தான் பார்ப்பார். மாதம் முடிந்து மறுபடி வருகிறவர்கள் காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு வந்துவிட வேண்டும். விடியற்காலையில்தான் பொடி எலும்புக்குள் இறங்குகிறது என்பது அவர் விளக்கம்.

மகள் போக வேண்டும் என்றாள். தையல்காரம்மா மூன்று நாள் மாட்டவே மாட்டேன் என்றார். நான்காம் நாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, மகள் சுவரோரம் நின்று தலையில் ஒரு புத்தகத்தை வைத்துத் தன்னைத்தானே அளந்துகொண்டிருந்தாள். அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்.

"அவரு ஸ்கேல நான் நம்ப மாட்டேன். நம்ம வீட்டுச் சுவத்துல நான் அளப்பேன். என் டேப்பு என்ன சொல்லுதோ அதான் முடிவு."

"அளந்துக்கோ. ரெண்டு தடவ என்ன, இருபது தடவ அளந்துக்கோ."

அன்று மாலை வைத்தியரிடம் கிளம்பும் முன் வீட்டில் அளந்தார். குதிகால் சுவரில் ஒட்ட, தலையில் எல் வடிவ மூலைமட்டம் வைத்து, இரும்பு டேப்பால். 153.6. மறுபடியும் 153.6. சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார்.

மாதம் முடிந்தது. காலை ஐந்தரைக்கு எழுந்து, வைத்தியரிடம் போகும் முன், அதே சுவர், அதே மூலைமட்டம், அதே டேப். 154.9.

தையல்காரம்மா டேப்பைச் சுருட்டிவிட்டு மறுபடி அளந்தார். 154.9. டேப்பை ஸ்கேலோடு வைத்துப் பார்த்தார், பிசகில்லை. மகளின் காலடியில் ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து தடவிப் பார்த்தார். வெறும் தரை. அப்படியே அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மகள் அம்மாவின் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

ஆயுசு முழுக்க அளவை நம்பியவர், அளவே சொன்ன பிறகு எப்படி நம்பாமல் இருப்பார்? கடையில் கேட்டவர்களிடம் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார். வேறு யாராவது சொல்லியிருந்தால் ஊர் ஒரு காதில் வாங்கி மறுகாதில் விட்டிருக்கும். ஆனால் இது 'ரெண்டு தடவை' தன் கையாலேயே அளந்து சொன்னது. எதிர்ப்பக்கம் பொத்தானும் ஜிப்பும் விற்கிற பொத்தான்கடை அண்ணன், தன் பதிமூன்று வயது மகனை மறுநாளே மாடிக்கு அழைத்துப் போனார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று வீட்டார் போனார்கள். உயர வைத்தியர் ஆள் அனுப்பித் தையல்காரம்மாவுக்கு நன்றி சொன்னார்.

மகள் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். ஒருவேளை உயரத்தில் தட்டிப்போனால் இருக்கட்டும் என்று மின்வேலைப் பயிற்சிக்கு ஒரு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தார்கள். அதை அலமாரியின் மேல் தூக்கிப் போட்டாள். அதைக் கொடுக்க வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள். தையல்காரம்மா ஞாபகப்படுத்தியபோது, இன்னும் ஒரு மில்லிமீட்டர்தானே பாக்கி, அதற்கு ஒரு மாதம் முழுசாக இருக்கிறது, அந்தக் காகிதம் இனி எதற்கு என்று சிரித்தாள். அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

உயரம் பார்க்கிற நாளுக்கு மகளுக்குப் புதிதாக ஒரு பேண்ட் தைக்க வேண்டும் என்று தையல்காரம்மாவுக்கு ஆசை. ஞாயிற்றுக்கிழமை மாலை மகளை நிறுத்தி அளந்தார். உள்கால் இருபத்தேழரை இஞ்ச். நோட்டைப் புரட்டினார். போன வருடமும் இருபத்தேழரை. இடுப்பிலிருந்து தரை வரை அளந்தார். அதுவும் அப்படியே. சரி, கால் வளரவில்லை, உடம்புதான் வளர்ந்திருக்கிறது போலும் என்று பின்கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகை அளந்தார். பதினாலே கால். போன வருடமும் பதினாலே கால்.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். காலும் நீளவில்லை, முதுகும் நீளவில்லை. அப்படியானால் அந்த ஒன்றேகால் சென்டிமீட்டர் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது?

மகளைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். மூலைமட்டத்தை வைத்தார். அது போன மாதம் போட்ட பழைய கோட்டின் மேலேயே வந்து நின்றது. 153.6.

"எவ்ளோம்மா?"

தையல்காரம்மா டேப்பைச் சுருட்டினார். "சரியா இருக்கு" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அளவை மறைத்தார்.

திங்கட்கிழமை காலை, மகள் தூங்கிக்கொண்டிருந்தபோது, மூலைமட்டத்தைத் தன் தலையில் வைத்துக்கொண்டு தையல்காரம்மாவே சுவரோரம் நின்றார். தலைக்கு நேரே சின்னதாக ஒரு கோடு போட்டார். நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்துவிட்டு மாலையில் வந்து மறுபடி நின்றார். கோடு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கீழே விழுந்தது. செவ்வாய்க்கிழமை காலை பார்த்தால் பழையபடி மேலே. பொடியைத் தொட்டுக்கூடப் பார்க்காத, நாற்பத்தாறு வயதான அவர் ராத்திரி படுத்து எழுந்தால் வளர்ந்திருந்தார். சாயங்காலமானால் குறைந்திருந்தார்.

அன்று சட்டை வாங்க வந்த ஒரு நர்ஸிடம் இதை யாருக்கோ நடந்தது போலக் கேட்டார். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிறது, பகலெல்லாம் நின்றும் உட்கார்ந்தும் அது அழுந்திவிடும், இரவு படுத்தால் மறுபடி உப்பிக்கொள்ளும், உலகத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் என்றார் நர்ஸ். தையல்காரம்மா சட்டையை மடித்துக் கொடுத்து அனுப்பினார்.

இரண்டு தடவை அளந்தது தப்பில்லை. இரண்டு தடவையும் ஒரே நிமிஷத்தில் அளந்ததுதான் தப்பு. சுவரைச் சந்தேகப்பட்டார், டேப்பைச் சந்தேகப்பட்டார், மகளின் காலடியைக்கூடச் சந்தேகப்பட்டார். கடிகாரத்தைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவில்லை. அவ்வளவு ஆசை அவருக்கும் இருந்தது.

சொல்லாமல் விட்டால் மகள் இன்னும் ஒரு மாதம் சந்தோஷமாக இருப்பாள். ஆனால் வெள்ளிக்கிழமை போய்விடும். செவ்வாய் மாலை, துணி மடித்துக்கொண்டிருந்த மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்.

மகள் ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப ஞாயித்துக்கிழமை சரியா இருக்குன்னு ஏன் சொன்ன?"

"பொய் சொல்லிட்டேன் பாப்பா. உன் மூஞ்சியப் பார்த்தேன், வாய் வரல."

"அந்த வைத்தியர் பொய் சொன்னாக்கூடப் பரவாயில்ல. அவரு என் அம்மா இல்ல."

அதோடு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை தையல்காரம்மா கடையைத் திறக்காமல் முதலில் பொத்தான்கடைக்குப் போனார். தன் அளவு தப்பு, பொடியை நிறுத்திவிடுங்கள் என்றார். அண்ணனுக்கு நம்ப மனசில்லை.

"என் பையன் நெசமாவே வளந்திருக்கானேக்கா. சாயங்காலம்தான் அளந்தேன், போன வருஷக் கோட்டத் தாண்டிட்டான்."

"பதிமூணு வயசுல வளரலன்னாத்தாண்ணே கவலப்படணும். நீங்க வெறும் பால் குடுத்தாலும் அவன் வளருவான்."

அண்ணன் பொத்தான் டப்பாவை மூடித் திறந்து, திறந்து மூடினார். கடைசியில், நீங்க சொல்லித்தான ஆரம்பிச்சேன், நீங்க சொல்லியே நிறுத்திடுறேன் என்றார். அதைக் கேட்டதும் தையல்காரம்மாவுக்கு இன்னும் கூச்சமாகப் போய்விட்டது. என் பேச்சுக்காக வேண்டாம், இன்றைக்குச் சாயங்காலமும் நாளைக் காலையும் நீங்களே சுவரில் நின்று பாருங்கள் என்று சொல்லிவிட்டு மற்ற மூன்று வீடுகளுக்கும் போனார். ஒரு வீட்டில் உட்காரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில், அன்றைக்கு அப்படிச் சொன்னவர் இன்றைக்கு இப்படிச் சொன்னால் நாங்கள் எதை நம்புவது என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அப்புறம் மாடிக்கும் போனார். புது ஆட்களைக் காலையிலும், பழைய ஆட்களைச் சாயங்காலத்திலும் ஒரே ஒரு மாதம் அளந்து பாருங்களேன் என்று வைத்தியரிடம் கேட்டார். வைத்தியர் புன்சிரிப்பு மாறாமல், முறையை மாற்றினால் மருந்து வேலை செய்யாது என்றார்.

"மருந்து வேலை செய்யாதா சார், இல்ல ஸ்கேலு வேலை செய்யாதா?"

வைத்தியர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டில் மகள் பேசவில்லை. ஆனால் புதன்கிழமை காலையிலேயே அவள் சுவரில் தன் கோட்டைப் போட்டிருந்தாள். மாலையில் இன்னொன்று. அன்று மாலை தையல்காரம்மா கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும், சுவரைக் கை காட்டினாள். அவர் போய் நின்றார். மகள் மூலைமட்டத்தை அம்மாவின் தலையில் வைத்துக் கோடு போட்டாள். வியாழன் காலையும் மாலையும் அப்படியே. மூலைமட்டத்தை வைக்கும்போது, அம்மாவின் நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டாள்.

கோடுகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"செவ்வாக்கெழம ராத்திரியே பொடிய நிறுத்திட்டேன். இன்னைக்குக் காலைல 154.9 தான். பொடி தின்னாலும் அதே, தின்னாட்டியும் அதே."

தையல்காரம்மா தலையை ஆட்டினார்.

"ஆனா நீ என்னவிட ஜாஸ்தி சுருங்குறம்மா. நாளெல்லாம் குனிஞ்சே தச்சா இப்படித்தான். மத்தியானம் கொஞ்சம் கால நீட்டிப் படு."

தையல்காரம்மா கையை நீட்டினார். மகள் வந்து தோளில் சாய்ந்து, வேண்டிய மட்டும் அழுதாள். பிறகு நாற்காலி போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த விண்ணப்பத்தை எடுத்துத் தூசி தட்டி நிரப்பினாள். வெள்ளிக்கிழமை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அதோடு விட்டுவிடவில்லை. காலையில் இருக்கும் 154.9 பொய் இல்லையே, அதுவும் என்னுடைய உயரம்தானே, அது குறைவதற்குள் போய் நின்றால் என்ன என்று கேட்டாள். கேட்பதில் தப்பில்லை. நன்றாகத் தூங்கினால் இன்னும் ஒரு மில்லிமீட்டர் கிடைக்காதா என்று அம்மாவுக்கும் ஒரு நப்பாசை.

உயரம் பார்க்கிற மைதானம் ஒன்றரை மணி நேரத் தூரம். அந்த நாளுக்கு அப்பா விடுப்புப் போட்டு லாரியோடு வந்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுக்கை உண்டு. மகள் படுத்தபடியே வீட்டிலிருந்து லாரிக்கு வர முடியாது என்பதால், பாயிலிருந்து எழுந்து எட்டே எட்டு எட்டு வைத்து ஏறி மறுபடி படுத்துக்கொண்டாள். தலை அம்மாவின் மடியில். அப்பா கண்ணாடியைத் திருப்பி இருவரையும் பார்த்தார்.

"இந்த லாரில சிமெண்ட் ஏத்தியிருக்கேன், சர்க்கரை ஏத்தியிருக்கேன். சென்டிமீட்டர் ஏத்துறது இதான் முதல் தடவ. குலுங்காமத்தான் போகணும்."

பள்ளம் மேட்டில் எல்லாம் நடக்கிற வேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்தார்கள்.

ஆனால் மைதானத்தில் வரிசை நீளம். இரண்டரை மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. வேலிக்கு வெளியே நின்ற தையல்காரம்மாவுக்கு, அந்த வெயிலில் மகள் நிமிஷத்துக்கு நிமிஷம் குறைவது கண்ணுக்குத் தெரிவது போல இருந்தது. கடைசியில் அவள் முறை வந்தது. 154.4. மகள் அளவுகோலைத் திரும்பிப் பார்த்து, எண்ணைத் தானே ஒருமுறை படித்துவிட்டு, அளந்த அதிகாரிக்கு நன்றி சொல்லி வெளியே வந்தாள். அழவில்லை. அவர் சரியாகத்தான் அளந்தார் என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும்போது உயரத்தைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. முன்சீட்டில் உட்கார்ந்தே வந்திருக்கலாம். மகள் பின்னால் ஏறி, அம்மாவைத் தள்ளி உட்காரச் சொல்லி, மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். தையல்காரம்மா அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

பாதி வழியில் மகள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"வயரிங் வேலைக்கு உயரம் கேக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க. ஏணி குடுப்பாங்க" என்றார் முன்னாலிருந்து அப்பா.